மனசுல எட்டு, கையில அஞ்சு

எங்கள் பகுதியான நாகல் நகரில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தச் சந்துக்குள் நடந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். "எட்டும் அஞ்சும் எத்தன?" கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. "எட்ட மனசுல வையிடா. அஞ்சக் கையில எடு." பிறகு ஒரு சின்னக் குரல், விரலை ஒவ்வொன்றாக மடக்கியபடி: ஒம்போது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது பாட்டி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, தெரியாது.

எட்டையும் ஐந்தையும் கூட்ட ஒரு குழந்தைக்கு மூன்று வழி உண்டு. எட்டுப் புளியங்கொட்டை, ஐந்து புளியங்கொட்டை எடுத்துவைத்து எல்லாவற்றையும் ஒன்றிலிருந்து எண்ணுவது முதல் வழி. கேள்வியில் முதலில் வரும் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு மேலே எண்ணுவது இரண்டாவது. எந்த எண் முதலில் வந்தாலும் பெரியதை மனசில் வைத்துச் சின்னதை மட்டும் எண்ணுவது மூன்றாவது. பாட்டி கற்றுக்கொடுத்தது இந்த மூன்றாவது வழி. 1972இல் குரோன், பார்க்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் சின்னக் கூட்டல்களைக் கேட்டு, விடை வர ஆகும் நேரத்தை அளந்தார்கள். இரண்டு எண்களில் எது சிறியதோ அதைப் பொறுத்தே நேரம் கூடியது. இரண்டும் ஏழும் என்றாலும், ஏழும் இரண்டும் என்றாலும் கிட்டத்தட்ட ஒரே நேரம். பெரியதை மனசில் வைத்துக்கொண்டு சின்னதை எண்ணுகிறார்கள் என்பதற்கு அது அடையாளம்.

ஐந்து ஆண்டுகள் கழித்துக் குரோனும் லாரன் ரெஸ்னிக்கும் செய்த ஆய்வுதான் எனக்கு இன்னும் பிடித்தது. பள்ளிக்கே வராத சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முதல் வழியை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். சில வாரம் அதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர், யாரும் சொல்லாமலே, மூன்றாவது வழிக்குத் தாவிவிட்டார்கள். வீட்டில் கணக்குப் பழக்க உட்காரும் எவரும் இதை மனசில் வைத்துக்கொள்ளலாம். போதுமான முறை செய்ய இடம் கொடுத்தால் குறுக்குவழியைக் குழந்தையே கண்டுபிடிக்கும்.

"இன்னும் விரல் விட்டா எண்ணுற?" என்று கையைத் தட்டிவிடுகிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் வினோத் மேனனின் குழு 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளை ஓராண்டுக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை மூளை ஸ்கேன் எடுத்து, 2014இல் முடிவை வெளியிட்டது. எண்ணிச் சொல்வது குறைந்து நினைவிலிருந்து சொல்வது கூடக்கூட, மூளையில் நினைவைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸ் அதிகமாக வேலை செய்தது. இது மெல்ல நடக்கும் மாற்றம். எட்டும் ஐந்தும் பதிமூன்று என்று நூறு முறை விரல் சொன்ன பிறகே மனசு அதைத் தானாகச் சொல்லத் தொடங்குகிறது. நினைவு ஏறும் படிக்கட்டு அந்த விரல்கள்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. இங்கே தறி நெய்கிற சௌராஷ்டிரக் குடும்பங்கள் நிறைய. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், பள்ளி இங்கிலீஷ் மீடியமாக இருந்தால் அங்கே ஆங்கிலம். ஒரே குழந்தை மூன்று மொழியில் எண்ணுகிறது. 2001இல் எலிசபெத் ஸ்பெல்க்கியும் சன்னா சிவ்கினும் ரஷ்யனும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்குப் புதிய கூட்டல்களை ஒரு மொழியில் மட்டும் பழக்கி, பிறகு இரண்டு மொழியிலும் கேட்டார்கள். துல்லியமான விடையைப் பழகிய மொழியில் சட்டென்று சொன்னார்கள். மற்ற மொழியில் தாமதம். ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டபோது மட்டும் மொழி வித்தியாசம் தெரியவில்லை. மனப்பாடமான கணக்கு அது ஏறிய மொழியின் உடையிலேயே உள்ளே இருக்கிறது. அதனால் வீட்டில் "ஏழெட்டு அம்பத்தாறு" என்று முழங்கும் பிள்ளை வகுப்பில் "செவன் எய்ட்ஸ் ஆர்" என்று கேட்டால் திணறுகிறது என்றால், அதற்குக் கணக்கு தெரியாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்த மொழியில் ஓடுகிறதோ அதிலேயே முதலில் நன்றாக ஓடட்டும். அதன்பின் அதே விடையை அடுத்த மொழியில் சொல்லிப் பார்க்கத் தினம் இரண்டு நிமிடம் போதும்.

தமிழ் எண் பெயர்களில் ஒரு வரமும் உண்டு, ஒரு பள்ளமும் உண்டு. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும். பெயரைக் கேட்டாலே இடமதிப்பு தெரிகிறது. ஆங்கிலத்தின் லெவன், ட்வெல்வ் அப்படி எதையும் சொல்வதில்லை. 1995இல் கெவின் மில்லர் குழு சீன, அமெரிக்கப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது பத்துவரை எண்ணுவதில் வித்தியாசமே இல்லை. பத்தைத் தாண்டியதும் அமெரிக்கப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். சீன மொழியிலும் பதினொன்று என்பது 'பத்து ஒன்று'தான். அந்த வசதி தமிழ்ப் பிள்ளைக்கும் உண்டு. பள்ளம் ஒன்பதில் இருக்கிறது. இருபது, முப்பது, நாற்பது எல்லாம் 'பது' என்று முடிந்து பத்துகளைச் சொல்கின்றன. ஒன்பதும் அதேபோல் முடிகிறது, ஆனால் அது ஓரிலக்க எண். தொண்ணூறு 'நூறு' என்று முடிகிறது, ஆனால் நூறுக்குக் கீழே. தொள்ளாயிரம் 'ஆயிரம்' என்று முடிகிறது, ஆயிரம் ஆவதற்கு இன்னும் நூறு வேண்டும். பழந்தமிழில் ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றொரு சொல் இருந்தது. அது வழக்கொழிந்து, இந்த வரிசை ஒரு படி தள்ளி நிற்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள், பல பிள்ளைகள் அங்கேதான் தடுக்கி விழுவார்கள். "தொண்ணூற்றாறு எழுது" என்றால் 906 என்று எழுதுகிற பிள்ளை கவனமில்லாத பிள்ளை அல்ல, காதால் கேட்டதை நேர்மையாக எழுதிய பிள்ளை. ஒன்பது பத்து ரூபாய் நோட்டையும் ஆறு ஒரு ரூபாய்க் காசையும் எடுத்துத் தரையில் வைத்து, அதன் பெயர் தொண்ணூற்றாறு என்று காட்டினால் தீர்ந்துவிடும்.

ரூபாய் நோட்டு என்று வந்ததால் வாரச் சந்தைக்குப் போவோம். அங்கே அம்மாவுக்கு உதவியாகப் பூ அளந்து கொடுக்கிற ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். நாலாம் வகுப்பு. முழம் 25 ரூபாய், கல்யாண வீட்டுக்காரர் 14 முழம் கேட்கிறார். அவள் வாய் முணுமுணுக்கிறது: நாலு முழம் நூறு, எட்டு முழம் எரநூறு, பன்னெண்டு முழம் முன்னூறு, மிச்சம் ரெண்டு முழம் அம்பது, மொத்தம் முன்னூத்தம்பது. அதே பிள்ளையின் நோட்டில் 25 × 14 என்று எழுதிக் கொடுத்தேன். நாலிருபத்தைந்து நூறு என்று ஒரு வரி, ஓரிருபத்தைந்து இருபத்தைந்து என்று அடுத்த வரி. இரண்டாம் வரியை ஓரிடம் தள்ளி எழுத மறந்துவிட்டாள். கூட்டி 125 என்று நீட்டினாள். நாலு முழத்துக்கே நூறு ஆகும்போது பதினாலு முழத்துக்கு 125 எப்படி என்ற சந்தேகம் அவளுக்கு வரவே இல்லை. நோட்டுக்குள் நுழைந்ததும் பூ மறைந்துவிட்டது.

இது அவளுடைய குறை என்று நான் நினைக்கவில்லை. 1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை டெரெசினியா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் கூர்ந்து கவனித்தார்கள். கடையில் கேட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 விழுக்காடு. நம் நாட்டில் இது இன்னும் பெரிதாகச் சோதிக்கப்பட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, ஸ்பெல்க்கி முதலானோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளையும், அருகிலுள்ள பள்ளிகளில் படிக்கும் 471 பிள்ளைகளையும் ஆராய்ந்து 2025இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். சந்தைப் பிள்ளைகள் பல பொருளின் விலையை மனசிலேயே கூட்டி மிச்சக் காசு கொடுத்தார்கள். பள்ளிக் கணக்கில் திணறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் தாள் கணக்கில் தேவலை. ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்த்த ஒரு வியாபாரக் கணக்கை அவர்களில் 1 விழுக்காட்டினரே தீர்த்தார்கள். இரண்டு அறிவும் ஒரே வயதுப் பிள்ளைகளிடம் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழிதான் இல்லை.

அந்த வழியைப் போடுகிற வேலையை வீடு செய்யலாம் என்பதே என் வாதம். பள்ளியை வீட்டில் இன்னொரு முறை நடத்த வேண்டியதில்லை. பூக்காரச் சிறுமியிடம் நான் செய்தது இவ்வளவுதான். அவள் சந்தையில் சொன்னதை அப்படியே தாளில் எழுதச் சொன்னேன். 4 முழம் 100, 12 முழம் 300, 2 முழம் 50. பிறகு, "பதினாலப் பத்தாவும் நாலாவும் பிரிச்சா?" என்றேன். "பத்து முழம் எரநூத்தம்பது, நாலு முழம் நூறு." அதை எழுதினாள். அதன் பக்கத்திலேயே நோட்டுக் கணக்கை வைத்தோம். நூறு இங்கே இருக்கிறது, இருநூற்றைம்பது எங்கே என்று தேடினாள். 25 என்று எழுதிய வரியில் விரல் நின்றது. "இந்த ஒண்ணு, பத்தா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் தள்ளி எழுத மறந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். மறந்தாள், ஆனால் தானே கண்டுபிடித்தாள்.

அந்த வழி கழித்தலில் இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது. 42இலிருந்து 17 போனால் எவ்வளவு என்று கேட்டால் 35 என்று எழுதுகிற பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று. 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளைக் குவித்துக் கணினியில் அலசினார்கள். பெரும்பாலான தவறுகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. குழந்தை ஒரு விதியை உண்மையாகப் பின்பற்றியிருந்தது. அந்த விதி தவறு. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்பது அப்படி ஒரு விதி. ஒற்றை இலக்கத்தில் நாமே சொல்லிக்கொடுத்ததுதான்.

அதனால்தான் "தப்பு, மறுபடி போடு" என்பதால் பயன் இல்லை. மறுபடி போட்டாலும் அதே விதியில்தான் போடும். "எப்பிடிப் போட்ட, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் அதையே கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும்.

கழித்தலுக்கு நம் வகுப்பறைகள் ஒரு சொல் வைத்திருக்கின்றன: பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. அந்தச் சொல் எனக்குச் சின்ன வயதிலேயே உறுத்தியது. வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதே இல்லையே! நடப்பது கடன் அல்ல, சில்லறை மாற்றுவது. நாலு பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் குழந்தை கையில் கொடுங்கள். "பதினேழு ரூபா குடு" என்று கேளுங்கள். ஏழு காசு இல்லை. ஒரு பத்து ரூபாய் நோட்டை உங்களிடம் நீட்டிச் சில்லறை கேட்கும். பத்துக் காசு வரும். இப்போது மூன்று நோட்டு, பன்னிரண்டு காசு. நாலை அடித்து மூன்று எழுதுகிறோமே, இரண்டின் தலையில் ஒரு சின்ன 1 போடுகிறோமே, அது இதுதான். கையில் இருக்கும் பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. 403இலிருந்து 157 என்று நடுவில் பூஜ்யம் வரும் கணக்குதான் பிள்ளைகளை அழவைப்பது. அங்கே பத்து ரூபாய் நோட்டே இல்லை. நூறு ரூபாயை முதலில் பத்து பத்துகளாக மாற்றி, அதில் ஒன்றை மறுபடி காசாக மாற்ற வேண்டும். இரண்டு முறை கடைக்காரரிடம் போக வேண்டும், அவ்வளவுதான். கணக்கை எழுதும்போது அந்தப் பூஜ்யம் ஏன் ஒன்பதாகிறது என்பது நோட்டுகளை எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

பெட்டிக்கடை அண்ணாச்சி கழிப்பதே இல்லை என்பதையும் காட்டுங்கள். 63 ரூபாய்ச் சாமானுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் அறுபத்து மூணு, எழுபது, நூறு என்று எண்ணி ஏழு ரூபாயும் மூன்று பத்து ரூபாயும் தருகிறார். கழித்தல் என்பது எடுப்பது மட்டுமல்ல, இரண்டு எண்ணுக்கு நடுவே உள்ள தூரம் என்பது அதில் இருக்கிறது. மேல் வகுப்பில் எண்கோடு வரும்போது இந்தப் பிள்ளை மிரளாது.

தறி வீடுகளில் வகுத்தல் சும்மாவே கிடக்கிறது. பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஆறு இழை பச்சை, நாலு இழை வெள்ளை, மறுபடி ஆறு பச்சை, நாலு வெள்ளை என்று கோடு போகிறது என்று வைத்துக்கொள்வோம். 37ஆவது இழை என்ன நிறம்? குழந்தை முதலில் ஒவ்வொன்றாக எண்ணும். எண்ணட்டும். இரண்டாம் தடவை 83ஆவது இழையைக் கேளுங்கள். பத்து பத்தாகத் தாண்டலாம் என்று அதற்கே தோன்றும். மீதிதான் நிறத்தைச் சொல்கிறது, ஈவு அல்ல. மீதி மூன்று, பச்சை. வகுத்தலில் மீதியை ஏதோ மிச்சக் குப்பைபோல எழுதிவைக்கிற வழக்கம் நம் பிள்ளைகளுக்கு உண்டு. இந்தக் கேள்வியில் மீதிதான் விடை. 40ஆவது இழையைக் கேட்டால் மீதியே இல்லையே என்று கொஞ்சம் குழம்பும். அந்தக் குழப்பம் நல்லது, அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காதீர்கள்.

இனி வாய்ப்பாடு. மனப்பாடம் கூடாது என்போர் ஒரு பக்கம், மனப்பாடம் போதும் என்போர் ஒரு பக்கம். நான் இரண்டு பக்கமும் இல்லை. ஒரு சமயத்தில் மனசில் நாம் ஏந்திக்கொள்ளக்கூடிய புதிய விஷயங்கள் மூன்று நாலுதான். நீண்ட வகுத்தல் போடும் பிள்ளை ஒவ்வொரு படியிலும் ஏழெட்டு எத்தனை என்று விரல்விட்டு எண்ணினால், எந்தப் படியில் நின்றோம் என்பதே நழுவிவிடும். எனவே வாய்ப்பாடு வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகள் இதை நன்றாக அறிந்திருந்தன. எண்சுவடி என்ற சுவடி முழுவதும் வாய்ப்பாடுதான். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று என்று பின்னங்களுக்கும் அங்கே வாய்ப்பாடு உண்டு. அந்தப் பள்ளிகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து நூல் எழுதியவர் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில் பாபு. நினைவில் ஏற்றுவது அங்கே வெறும் ஒப்பித்தல் அல்ல, கற்றலின் ஒரு முறை என்பது அவர் காட்டும் கருத்து. நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் போகிற பிள்ளைகளுக்கு அந்தப் பின்னங்கள் தினப்படி வேலை.

ஒப்பிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு என்று பாட்டாக ஓடும் பிள்ளையிடம் திடீரென்று எட்டேழு கேட்டால், முதலிலிருந்து பாடிக்கொண்டு வரும். பாட்டின் வரிசை மனசில் ஏறியிருக்கிறது, தனித்தனி விடை ஏறவில்லை. எனவே பாட்டு முடிந்த பிறகு கலைத்துக் கேட்க வேண்டும். எத்தனை கேட்க வேண்டும் என்று எண்ணினால் பயம் போய்விடும். ஒன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து பத்தாம் வாய்ப்பாடு வரை நூறு விடை. மூவேழும் ஏழுமூன்றும் ஒன்று என்று தெரிந்த பிள்ளைக்கு அது 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து எல்லோருக்கும் எளிது. அவற்றை நீக்கினால் 21. ஒன்பதை, பத்து மடங்கில் ஒரு பங்கு குறைத்து வாங்கலாம்: ஒன்பதேழு என்றால் எழுபதில் ஏழு போக 63. அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் 15. பதினைந்து சின்னத் துண்டுத் தாளில் எழுதிச் சமையல்கட்டில் ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். தோசை வேகும் நேரத்தில் மூன்றை எடுத்துக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு மணி நேரம் போடுவதைவிட, அதே நேரத்தைத் தினம் பத்து நிமிடமாகப் பிரித்துப் போட்டால் நினைவு நிற்கிறது. 1885இல் எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளர் தன்னைத்தானே சோதித்து எழுதியதிலிருந்து இன்றுவரை உளவியலில் இவ்வளவு உறுதியாக நிற்கும் முடிவுகள் குறைவு.

வீட்டில் கணக்கு பழகாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனாக் காலத்தில் நாம் கண் முன்னே பார்த்தோம். தமிழகத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழக கிராமப்புறங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று சோதித்தார்கள். 2019இல் அதே வயதுப் பிள்ளைகளைச் சோதித்த கணக்கு அவர்களிடம் இருந்ததால் ஒப்பிட முடிந்தது. மொழியில் ஏற்பட்ட இழப்பைப் போல் இரண்டு மடங்கு இழப்பு கணக்கில். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. பேச்சு வீட்டிலும் தெருவிலும் ஓயாமல் நடக்கிறது. கணக்கைப் பெரும்பாலான வீடுகள் பள்ளியிடமே விட்டுவிட்டன. நல்ல செய்தியும் அந்த ஆய்விலேயே உண்டு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு, 2021 அக்டோபர் 27இல் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. அந்தந்தத் தெருவில் வசிக்கும் அக்காமார் சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததன் பலன் அது. பெரிய பட்டம் பெற்ற நிபுணர்கள் அல்லர். பக்கத்து வீட்டுப் பெண்கள்.

அதற்கு அடுத்து 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிறது. வீட்டிலும் அதே கண்ணோட்டம் வேண்டும். பிள்ளை நாலாம் வகுப்பு என்பதால் நாலாம் வகுப்புக் கணக்கில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. இரண்டாம் வகுப்புக் கழித்தலில் நின்றுபோயிருந்தால் அங்கே போய்க் கையைப் பிடிக்க வேண்டும். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

பெற்றோரிடம் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். "எனக்கும் கணக்குன்னா ஆகாது" என்று பிள்ளை எதிரில் சொல்லாதீர்கள். 2015இல் எரின் மலோனி, சியான் பைலாக் முதலானோர் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 438 பேரை ஓராண்டு கவனித்தார்கள். கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க்கில் உதவிய வீடுகளில் பிள்ளைகள் கணக்கைக் குறைவாகக் கற்றார்கள், ஆண்டு முடிவில் அவர்களுக்கும் பயம் கூடியிருந்தது. அந்தப் பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் அப்படி ஆகவில்லை. உதவியோடு சேர்ந்து பதற்றமும் கை மாறுகிறது. எரிச்சல் வருகிற நாளில் நோட்டை மூடிவைத்துவிடலாம். மூடிவைத்துவிட்டுத் தாயக்கட்டையை எடுங்கள்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட சோதனையில், ஏழைக் குடும்பத்துச் சின்னப் பிள்ளைகள் ஒன்றிலிருந்து பத்துவரை கட்டம் போட்ட எளிய பலகையில் இரண்டு வாரத்தில் நாலே முறை, தடவைக்குக் கால் மணி நேரம் அளவில் விளையாடினார்கள். எண்ணுதல், எது பெரியது என்று சொல்லுதல், எண்கோட்டில் இடம் காட்டுதல் எல்லாம் தேறின. ஒன்பது வாரம் கழித்தும் நின்றன. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. பின்னர் 2014இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் நூறு கட்டப் பலகையில் இன்னொன்றைக் கண்டார்கள். காய் 46இல் நிற்கிறது, மூன்று விழுகிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நகர்த்திய பிள்ளைகளுக்குப் பெரிதாக எதுவும் சேரவில்லை. "நாப்பத்தேழு, நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்களே முன்னேறினார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க நாம் விரிக்கிற பரமபதப் படத்துக்கு இந்த ஒரு விதியைச் சேர்த்தால் போதும். பாம்பு கடித்து இறங்கும்போது எத்தனை கட்டம் இறங்கினோம் என்று கேட்டால் கழித்தலும் வந்துவிடும்.

பல்லாங்குழியும் அப்படித்தான். வெறுமையாகிய குழியில் நாலு சோழி சேர்ந்ததும் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் அந்த நாலை எண்ணுவதில்லை, பார்த்ததும் கை போகிறது. 1871இல் வில்லியம் ஜெவன்ஸ் என்பவர் ஒரு பெட்டிக்குள் மொச்சை விதைகளை வீசி, ஒரு பார்வையில் எத்தனை என்று தன்னையே சோதித்தார். மூன்று நாலுவரை பிழையே இல்லை, ஐந்திலிருந்து பிழை தொடங்கியது. எண்ணாமலே எண்ணிக்கை தெரியும் எல்லை அது. பசுவை நாலில் வைத்த நம் பாட்டிமார் அந்த எல்லையில்தான் வைத்திருக்கிறார்கள்.

போன வாரம் அந்தப் பூக்காரச் சிறுமி எங்கள் திண்ணையில் இருந்தாள். தாளில் 8 + 4 = □ + 5 என்று எழுதினேன். 1999இல் அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அத்தனை பேரும் 12 அல்லது 17 என்று எழுதியிருந்தார்கள். சமக்குறி என்றால் 'இதோ விடை வருகிறது' என்று பொருள் என நினைத்திருந்தார்கள். இவளும் முதலில் 12 என்றாள். நான் சரி, தப்பு என்று சொல்லவில்லை. அந்தக் குறியின் மேல் ஒரு தராசு வரைந்தேன். ஒரு தட்டில் எட்டும் நாலும், மறு தட்டில் கட்டமும் ஐந்தும். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏழு."

"எப்பிடி?"

"இந்தத் தட்டுல நாலு, அந்தத் தட்டுல அஞ்சு. அங்க ஒண்ணு கூடிருச்சுல்ல? அப்ப எட்டுல ஒண்ணு குறைச்சாத்தான முள்ளு நேரா நிக்கும்."

இந்த முறை பன்னிரண்டு என்று அவள் கூட்டவே இல்லை.